எடை கட்டிய குழாய்

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் இருக்கிறது. போட்டு ஏரிப் பக்கம் நிற்கும். கடலுக்குப் போக, வர, முகத்துவாரம் ஒன்றுதான் வழி. அங்கே மணல் தூர்ந்து ஆழம் குறைந்து கிடப்பதால் அலை எழும்பி ஒடியும். வரிசையாக மூன்று அலை. மூன்றையும் தாண்டும்வரை இன்ஜின் நிற்கக் கூடாது. நின்றால் போட்டு குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டுவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே யாரோ இதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். யார் என்று நினைவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். காஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மகள் பிறந்த பிறகு அது இன்னும் மோசமானது. அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்த பிறகு, சரியாகத்தான் பார்த்தேனா என்று மறுபடியும் பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு முகத்துவாரம் தாண்டிப் போகிற புருஷன். யாரையும் குறை சொல்ல முடியாது, நானே சரி என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டேன்.

மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, வாடைக் காற்று தொடங்கிய நாட்களில், ஒரு காலை திரும்பி வரும் வழியில் இன்ஜின் நின்றது. இரண்டாவது அலைக்கும் மூன்றாவது அலைக்கும் நடுவில். துடுப்பைப் போட்டு எப்படியோ போட்டின் மூக்கு திரும்பாமல் பிடித்திருக்கிறார்கள். அலை போட்டை மணல்மேட்டில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. அதிர்ஷ்டம்தான், வேறொன்றுமில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது இருவரும் அதைச் சிரிப்பாகச் சொன்னார்கள்.

"ஏர் புடிச்சிக்கிச்சு. அண்ணன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்," என்றார் கணவர். "பேயறஞ்ச மாதிரி கீது."

"என் மூஞ்சியா? நீ தாண்டா அம்மா அம்மானு கத்துன," என்றார் அவருடைய அண்ணன். நாங்கள் அவரை மூத்தார் என்போம். கூப்பிடும்போது மாமா. கேலி பேசாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனிதர்.

நான் சிரிக்கவில்லை. "கேன்ல எவ்ளோ டீசல் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கால் கேன் இருக்கும். ஏன், நீ இன்ஜின் மெக்கானிக்கா?"

"ஓஸ் முனை எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும், பின்னால மூலையில."

எனக்கு விளங்கிவிட்டது. இன்ஜினோடு வந்த டேங்க் துருப்பிடித்து ஓட்டையானதால் அதைக் கழற்றிவிட்டு, வாய் அகலமான ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, அதில் டீசல் உறிஞ்சும் குழாயான ஓஸைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பாதிப் போட்டுகள் அப்படித்தான். திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கும், போட்டு மூக்குக் குத்தி நிற்கும். கேனில் மிச்சமிருக்கும் கால்வாசி டீசல் முழுவதும் முன்பக்கம் ஓடிவிடும். பின் மூலையில் இருக்கும் ஓஸ் முனை வெறும் காற்றை உறிஞ்சும். டீசல் இன்ஜினுக்குள் ஒரு முறை காற்று போனால் போதும், நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால்தான் மறுபடி ஓடும். அலைக்கு நடுவில் யார் ஏர் எடுப்பது?

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் விமானம் கட்டுகிற கொட்டகையில் வேலை பார்த்தவள். சொன்னால் நம்பமாட்டார்கள், அதனால் குப்பத்தில் அதிகம் சொன்னதில்லை. பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, திருப்பாலைவனத்துக்கு வெளியே பழைய நெல் கிடங்கு ஒன்றில் சென்னைப் பல் டாக்டர் ஒருவர் தன் கையாலேயே ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். ராக்கெட் ஏவும் தீவு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே அதைப் பறக்கவிட முடியாது; கட்டி முடித்து, லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே வானத்தில் குட்டிக்கரணம் போடுவதுதான் அவருடைய ஆசை. புத்தகங்களைப் படித்துக் குறிப்பெடுக்கவும், வெளிநாட்டில் இதே விமானத்தைக் கட்டியவர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பவும், ரிவெட் அடிக்கும்போது மறுபக்கம் இரும்பைப் பிடிக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போனேன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் வீட்டிலிருந்து வந்த பெண் விமானம் கட்டப்போகிறாள் என்று என் நைனா பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு ஒதுக்கப்பட்டது பெட்ரோல் டேங்க். இரண்டு மாதம் அதையே படித்தேன். சாதாரண விமானத்தில் டேங்கின் அடியில் ஓட்டை வைத்தால் போதும், பெட்ரோல் தானாக இறங்கும். ஆனால் விமானம் தலைகீழானால் டேங்கின் கூரை அடியாகிவிடுகிறது, அடி கூரையாகிவிடுகிறது. பெட்ரோல் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். இதற்கு மிக அழகான வழி ஒன்று இருந்தது. டேங்குக்குள் மெத்தென்று வளையும் ஒரு ரப்பர் குழாய். அதன் முனையில் ஓர் எடை. பெட்ரோல் எந்தப் பக்கம் விழுகிறதோ, எடையும் அந்தப் பக்கம் விழும், குழாயின் வாய் எப்போதும் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கும். தலைகீழாக நின்றாலும், பக்கவாட்டில் சரிந்தாலும். இதை முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் படிப்பில் வேறு எதிலும் ஏற்பட்டதில்லை. வரைந்தேன், அளவு குறித்தேன், எந்தப் பம்ப் வேண்டும் என்று எழுதினேன்.

இன்னொரு வழியும் இருந்தது, பார்க்க ஒன்றுமில்லாதது. பெரிய டேங்குக்குக் கீழே ஒரு சின்ன டப்பா. அது எப்போதும் நிரம்பியே இருக்கும். மேலே பெட்ரோல் அலைபாய்ந்து ஓட்டை காய்ந்துபோனாலும், டப்பாவில் இருப்பதை வைத்துச் சில விநாடிகள் இன்ஜின் ஓடும். குட்டிக்கரணம் போடலாம், உருளலாம். தலைகீழாகவே பறந்துகொண்டிருக்க மட்டும் முடியாது.

டாக்டர் டப்பாவைத் தேர்ந்தெடுத்தார்.

"அந்த ரப்பர் நாளாக நாளாக விறைச்சிடும்னு நீயே எழுதியிருக்க," என்றார். "யாரு அப்பப்ப டேங்குக்குள்ள கைய விட்டுத் தொட்டுப் பாக்கறது? நானா? நான் பேஷன்ட் வாயிலயே சலிச்சிக்கிட்டுத்தான் கை விடறேன். சோம்பேறிக்கு ஏத்த டேங்க் போடும்மா."

எனக்கு அவமானமாக இருந்தது. வேலையைச் செய்யத் துப்பில்லாத மனிதன் நல்லதை வேண்டாம் என்கிறான் என்று நினைத்தேன். சோம்பேறி டப்பாவைச் செய்துகொடுத்தேன், அளவு பிசகாமல். கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணம் முடிவாகி வேலையை விட்டேன். விமானம் இன்னும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது, இறக்கை மாட்டாமல், மேலே தார்ப்பாய் போட்டு. அவருக்கு வேறு ஆசை வந்துவிட்டதாகக் கேள்வி.

ஆக, சாப்பாட்டுத் தட்டுக்கு முன் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது பயம் மட்டுமில்லை. இதை எழுதும்போதாவது உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குள் ஒரு துள்ளலும் இருந்தது. என் குழாய்க்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில் சோம்பேறி டப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. முகத்துவாரத்தில் ஒவ்வோர் அலையும் சில விநாடிதான். எந்தப் போட்டும் தலைகீழாக நின்று மீன் பிடிப்பதில்லை. கேனுக்குக் கீழே ஒரு சின்ன டப்பா கட்டியிருந்தால் போதும், தொட்டுப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் மனம் போகவில்லை.

கணவரைப் பொன்னேரிக்கு அனுப்பி டீசல் ஓஸ் வாங்கிவரச் சொன்னேன். அவர் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை வாங்கிவந்தார். அது டீசலில் ஒரு மாதத்தில் கல்லாகிவிடும், ரப்பர்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். பஸ்ஸுக்கு நின்ற கோபத்தில், "ஏரோபிளேன் இன்ஜினியர் சொல்ட்டாங்க, மாத்தணுமாம்," என்று வாசலில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். எடைக்கு வலையில் கட்டும் ஈயக் குண்டு போதாதா என்று மூத்தார் கேட்டார். ஈயம் டீசலில் ஊறக் கூடாது என்று சொல்லிப் பித்தளை நட்டுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினேன். எல்லாம் முடிவதற்குள் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கேனை வாசலில் வைத்துச் சோதித்த அன்று அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. மாமியார் தூளியை ஆட்டிக்கொண்டே, "புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்துல கேனுக்குக் குடுத்துனு கீறா பாரு," என்றார். ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

கால் கேன் டீசலை ஊற்றி, குமிழி வந்தால் தெரியும்படி வெளிப் பக்கத்துக்கு மட்டும் கண்ணாடிக் குழாய் ஒரு துண்டு மாட்டி, கைப்பம்பால் உறிஞ்சவைத்தேன். மூத்தார் கேனை முன்னால் சாய்த்தார், பின்னால் சாய்த்தார், பக்கவாட்டில் படுக்கவைத்தார். குழாயில் ஒரு குமிழி வரவில்லை. உள்ளே பித்தளை நட்டு டொக் டொக்கென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அட, உள்ள எலி கீது," என்றார் மூத்தார். ஆனால் அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. நான் பார்த்தேன்.

அதன் பிறகு அலையில் இன்ஜின் நிற்கவில்லை. மற்ற போட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். வலை பின்னும் கொட்டகையில் மூத்தார் அது தன் யோசனை என்று அளந்துவிட்டிருக்கிறார். ஓரகத்தியே வந்து சொன்னாள். எனக்கு வலித்தது. மூத்தாரைக் கேட்டதற்கு, "பொம்பள சொன்னதுனு சொன்னா எவன் வைப்பான்? ஊருக்கு நல்லது தான?" என்றார். அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். எங்கள் போட்டு கடலுக்குப் போகாத அமாவாசை நாளில் கேன் வீட்டுக்கு வர வேண்டும். நான் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு அமாவாசை வந்தது. வாசலில் உட்கார்ந்து, முழங்கைவரை டீசலில் கையை விட்டு, கண்ணை மூடிக் குழாயை வளைத்துப் பார்த்தேன். ஏரிச் சேற்றில் எறா தடவுகிற வீட்டில் பிறந்தவளுக்குக் கண் இல்லாமல் பார்ப்பது பெரிய காரியமில்லை. "சரியா இருக்கு," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டேன். "இன்னாத்தமா பாக்குற உள்ள?" என்று மூத்தார் கேட்டார். "அது உங்களுக்குப் புரியாது மாமா," என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

மூன்றாவது அமாவாசைக்குக் கேன் வரவில்லை. அலையில் கேன் நகர்கிறதென்று மரச்சட்டம் அடித்து, பைபர் பசை ஊற்றி, அதைப் போட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள்.

"அப்போ நான் எப்டி பாக்கறது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நீ வந்து போட்ல ஏறிப் பாக்கப் போறியா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நடக்காத ஒன்றை நகைச்சுவைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

கடலுக்குப் போகும் போட்டில் பெண் கால் வைக்கக் கூடாது. இது எங்கள் குப்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத சட்டம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுவதும் பெண்கள் எறா தடவலாம். ஏரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போகலாம். பிடித்து வந்த மீனைக் கூடையில் சுமக்கலாம். மூக்கில் மஞ்சள் குங்குமம் வைத்த அந்த ஒரு போட்டில் மட்டும் ஏறக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுப்பவள் என்றால் பக்கத்திலேயே போகக் கூடாது. நான் படித்தவள், இதை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை. ஆனால் ஏறிய பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? நான் நம்பவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு அலை சும்மா இருக்குமா? இப்படித்தான் என் மூளை வேலை செய்யும்.

கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு நாள் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். கேனின் வாய், உள்ளே மங்கலாகக் கறுப்புக் குழாய், பின்னணியில் மூத்தார் பாடுவது. 'பாரு, நல்லாத்தான் கீது' என்று கீழே எழுதியிருந்தார். குழாய் மெத்தென்று இருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்பது வீடியோவில் தெரியாது. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். போட்டைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அடியைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள், ஆண்கள் யாருமில்லை. போட்டின் விளிம்பு என் இடுப்பு உயரம். கேன் நடுவில், எட்டி நீட்டினாலும் கை போகாத தூரத்தில். ஒரு காலை உள்ளே வைத்தால் போதும். சற்றுத் தள்ளிப் பூவரசு நிழலில் இரண்டு பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். பார்த்தார்கள். "இன்னாமா, அவருக்குச் சோறா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா," என்றேன், கையில் சோறு இல்லாமல். மகள் என் தாலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஏதாவது ஆனால் என்று தோன்றியது. யாருக்கு, எதனால் என்றெல்லாம் இல்லை. வெறுமனே அந்த நினைப்பு வந்தது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், காலை ஒன்பது மணி இருக்கும், மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். கரைப் பக்கமிருந்து பெண்கள் ஓடும் சத்தம் கேட்டது. இன்ஜின் நின்று போட்டு புரண்டுவிட்டது. மூன்றாவது அலையில். கணவர் நீந்தி வந்துவிட்டார். மூத்தாரைக் கவிழ்ந்த போட்டு மணலில் வைத்து அழுத்திவிட்டது. பக்கத்தில் வந்த போட்டுக்காரர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்திருந்தன. பொன்னேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். இனி போட்டில் நின்று வலை இழுக்க முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது அவர், "உக்காந்து இழுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

போட்டைக் கரையேற்றிய அன்று சட்டத்தோடு கேனைப் பெயர்த்து எடுத்து வீட்டு வாசலில் போட்டார்கள். யாரும் சொல்லாமலே நான் கையை விட்டேன். குழாய் விறைத்து, கேனின் பின்பக்கம் பார்த்து வளைந்து, அப்படியே நின்றுவிட்டிருந்தது. எடை இருந்தது, ஆனால் அதை இழுக்க எடைக்கு வலுவில்லை. பழைய ஓஸ் பின் மூலையில் எப்படி இருந்ததோ, என் குழாயும் அதே மூலையில், அதே மாதிரி. கடையில் ரப்பர் என்று விற்றது நல்ல ரப்பர் இல்லை போலும். அல்லது வெயில். அல்லது இரண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே கையை விடுவது.

"ஏரோபிளேன் வுட்டா," என்று ஓரகத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் புருஷன வச்சு ஏரோபிளேன் வுட்டா." முந்தைய வாரம் ஒரு மத்தியானம் நான் போட்டருகே நின்றதைக் கருவாட்டுக்காரப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். பால் கொடுப்பவள் போட்டுக்குப் பக்கத்தில் போனதால்தான் இப்படி என்று ஊர் பேசியது. நான் ஏறிப் பார்க்காததால்தான் இப்படி என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கேனை ஏன் ஒட்டினீர்கள் என்று ஆண்களைக் கேட்டிருந்தால் எனக்கு அது போதுமாக இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஓர் ஊன்றுகோல் மாதிரி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன்.

இரண்டு மாதம் கழித்து மூத்தாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓரகத்தி என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் அவள் மீன் வாங்கப் போகும் நேரத்தில் அவருக்குக் கஞ்சி கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கட்டிலில் படுத்தபடி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் சில நாட்கள் நானும் பேசவில்லை. ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னாமா, கஞ்சில உப்பு இல்ல. கோவமா?"

"இல்ல மாமா."

"நான் தான் கோவப்படணும். நீ ஏன் மூஞ்சிய தூக்கி வச்சினு கீற?"

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். கேனைக் கொண்டுவரச் சொல்லி எத்தனை முறை கேட்டேன், ஏன் ஒட்டினீர்கள், நான் கையை விட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், என்னை ஏற விடமாட்டீர்கள், கேனையும் தரமாட்டீர்கள், பிறகு பழி மட்டும் எனக்கா என்று. இத்தனை நாள் மனதில் சரிபார்த்து வைத்திருந்த வாக்கியங்கள். ஒன்றுவிடாமல் வந்தன.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேலி எதுவும் செய்யவில்லை.

"நான் கைய வுட்டேன்மா," என்றார்.

"எப்போ?"

"அதுக்கு ஒரு வாரம் முன்னால. டீசல் ஊத்தும்போது மூடி உள்ள வுழுந்துட்ச்சு. எடுக்கறப்போ கொழா கையில பட்டுச்சு. கட்டை மாதிரி இருந்துச்சு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நல்ல கெட்டி சாமானா தான் வாங்கி வச்சிருக்கு நம்ம பொண்ணு, லேசுல ஒடியாதுனு நெனச்சேன்," என்றார். "தம்பிகிட்டகூட சொன்னேன். நீ அமாவாசைக்கு அமாவாசை அது கெட்டியா கீதானு தான் பாக்கறனு நெனச்சினு கீறேன் நானு."

வெளியே மகள் தவழ்ந்து வாசல்படியைப் பிடித்து நின்றிருந்தாள். அவளைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தும் நான் எழவில்லை.

"அப்போ அது எப்டிதான் இருக்கணும்?" என்று கேட்டார்.

"மெத்துனு இருக்கணும் மாமா. விறைப்பா இருந்தா மாத்திடணும்."



"அவ்ளோ தானா?"

"அவ்ளோ தான் மாமா," என்றேன்.